2009இல் திருடு போன அப்பாவின் ஜாவா: இப்போது தேடினால் கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் ஜாவா 250 மோட்டார் சைக்கிள், 1968 மாடல், பழைய பாலக்காட்டு கே.எல்.பி. நம்பர். 2009 டிசம்பரில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தபோது காணாமல் போனது. அன்றைக்கு ராத்திரியே ஸ்டேஷனில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். போட்டார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. அப்பா 2015இல் காலமாகிவிட்டார். அந்த வண்டியில்தான் வருஷக்கணக்காக சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனார், எங்களைப் படிக்கவைத்ததும் அந்த ஓட்டம்தான், அதனால் வீட்டில் யாரும் அதை விட்டுவிட்டதாக நினைக்கவில்லை.

ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா டே என்று உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் திருச்சூர்ப் பக்கம் கூடியவர்களின் படங்களை நண்பர் ஒருவர் அனுப்பினார். அதில் ஒரு மெரூன் வண்டி. சிலிண்டரில் மேலிருந்து இரண்டாவது ஃபின் (சூடு தணிக்கும் தகடு) மூலையில் உடைந்திருக்கிறது. இடது பக்கக் கவரில், கியர் லீவருக்குக் கொஞ்சம் மேலே, வளைந்த வெல்டிங் தழும்பு ஒன்று தெரிகிறது. எங்கள் வண்டி ஒருமுறை கல்லில் மோதி அந்தக் கவர் வெடித்தது, கோயம்புத்தூர் கொண்டுபோய் அலுமினியம் வெல்டிங் வைத்தார் அப்பா. அதே இடம், அதே வளைவு. நம்பர் பிளேட் மட்டும் வேறு, திருச்சூர் நம்பர்.

படத்தை இங்கே போடலாமா? நேரே அந்த ஆளைப் போய்ப் பார்க்கலாமா? யாராவது இந்த மாதிரி வண்டியைத் திரும்ப வாங்கியிருந்தால் வழி சொல்லுங்கள்.

ரெண்டு ஸ்ட்ரோக்:
படத்தைப் போடுங்கள் நண்பரே, நம்பரோடு போடுங்கள். ஜாவா வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு குழுவில் இருக்கிறார்கள். ஆயிரம் கண் தேடினால் ஒரே நாளில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

வேலந்தாவளம் பட்டறை:
தம்பி, தயவுசெய்து போடாதீங்க. பழைய வண்டி டின்கரிங், எஞ்சின் வேலை எல்லாம் ரொம்ப வருஷமாகச் செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். படம் வெளியே போன மறுநாளே அந்த வண்டி ஷெட்டுக்குள் போய்விடும். அடுத்த மாதம் சிலிண்டர் வேறு, கவர் வேறு. நீங்கள் சொன்ன இரண்டு அடையாளமும் கழற்றி மாட்டுகிற சாமான்மேல் இருக்கிற அடையாளம். ஃபின் உடைந்த சிலிண்டர் இன்னும் நூறு வண்டியில் இருக்கும், வெல்டிங் வைத்த கவரும் அப்படித்தான். உங்கள் கவரையே யாராவது பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டியிருக்கலாம், அந்த மனுஷனுக்குத் திருட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். அவர் மானத்தையும் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது இரண்டே நம்பர். ஃபிரேமில் ஸ்டீயரிங் கழுத்தில் அடித்திருக்கும் சேஸ் நம்பர், கிராங்க்கேஸில் அடித்திருக்கும் எஞ்சின் நம்பர். அது உங்களிடம் இருக்கிறதா? வெளியே தெரியாத அடையாளம் வேறு ஏதாவது உண்டா? இருந்தால் இங்கே எழுதாதீங்க, தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரி அண்ணா, படம் போடவில்லை. வெளியே தெரியாத அடையாளம் ஒன்று இருக்கிறது. எழுதி வைக்கிறேன். நம்பர்தான் பிரச்சினை. ஆர்.சி. புக் வண்டியின் டூல் பாக்ஸிலேயே இருந்தது, வண்டியோடு போய்விட்டது. எப்.ஐ.ஆர். நகலும் வீட்டில் இல்லை.

சித்தூர் வக்கீல்:
நம்ம கேரளச் சித்தூர்தான், ஆந்திரச் சித்தூர் இல்லை. முதல் வேலை எப்.ஐ.ஆர். நகல். ஸ்டேஷனில் 2009 பைல் கிடைக்கவில்லை என்று சொன்னாலும் கவலை வேண்டாம், எப்.ஐ.ஆர். போட்டால் அதன் பிரதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயே ஆகவேண்டும். அந்த கோர்ட்டில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கூடவே வழக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை கொடுத்து முடித்திருப்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முடிந்த வழக்கைப் புதுத் தகவல் வந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 173(8), 2024 ஜூலையிலிருந்து வந்த புதுச் சட்டத்தில் 193(9). புதிதாகப் புகார் எழுதிக் கொடுக்காதீர்கள், அதே பழைய குற்ற எண்ணில் மனு கொடுங்கள். தேதி பழையதாக இருப்பதுதான் உங்களுக்குப் பலம்.

இரண்டாவது, நீங்கள் யார் என்ற கேள்வி வரும். வண்டி அப்பா பேரில். வாரிசுச் சான்றிதழ் எடுத்து வையுங்கள், அம்மா, உடன்பிறந்தவர்கள் சம்மதக் கடிதமும். வண்டி கிடைத்தால் ஆர்.டி. ஆபீசில் படிவம் 31 கொடுத்துத்தான் உங்கள் பேருக்கு மாற்ற முடியும்.

பழைய ரெஜிஸ்டர்:
ஆர்.டி. ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வண்டி விவரம் பார்க்கும் எம்பரிவாகன் ஆப்பில் கே.எல்.பி. நம்பரைத் தட்டிப் பார்த்து வரவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 1989 ஜூலையில் புது மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான் கே.எல்.-9 என்கிற மாதிரி நம்பர்கள் வந்தன, சித்தூருக்குத் தனி கே.எல்.-70 அதற்கும் ரொம்பப் பின்னால். அதற்கு முந்தைய வண்டிகள் எல்லாம் தடித்த அட்டை போட்ட பி ரெஜிஸ்டரில் கையால் எழுதியவை. கம்ப்யூட்டர் வந்த பிறகு புதுப்பிக்கவோ பேர் மாற்றவோ வந்த வண்டிகள் மட்டும்தான் வாகன் என்கிற அரசின் கணினிப் பதிவுத் தளத்தில் ஏறியிருக்கும். மற்றவை இன்னும் தாளில்தான். பாலக்காடு ஆபீசில் பி ரெஜிஸ்டர் பகுதி நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள், கிடைக்கவில்லை என்று வாயால் சொன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பத்து ரூபாய்தான், 30 நாளில் எழுத்தில் பதில் வரவேண்டும்.

அதற்குள் வீட்டில் பழைய இன்சூரன்ஸ் தாள் இருக்கிறதா பாருங்கள். தேர்ட் பார்ட்டி போட்டிருந்தால்கூட அதில் எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் இருக்கும். ஆர்.சி. தொலைந்தவர்கள் பாதிப் பேருக்கு அதுதான் கை கொடுக்கும்.

ரெண்டு ஸ்ட்ரோக்:
ஃபுல் இன்சூரன்ஸ் இருந்து கிளெய்ம் வாங்கியிருந்தால் வண்டி கம்பெனிக்குச் சொந்தம் ஆகிவிடும் இல்லையா?

சித்தூர் வக்கீல்:
ஆமாம். திருட்டுக்கு முழுத் தொகை கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் உரிமை அவர்களுக்குப் போய்விடும். 40 வருஷத்து வண்டிக்கு அன்றைக்கு யாரும் அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் கேட்டுவிட்டது நல்லது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கிளெய்ம் எதுவும் வாங்கவில்லை, தேர்ட் பார்ட்டிதான். அம்மா அரிசிப் பானைக்கு மேலே இருந்த தகரப் பெட்டியிலிருந்து 2007ஆம் வருஷத்துப் பாலிசியை எடுத்துக் கொடுத்தார்கள். கார்பன் எழுத்து மங்கியிருக்கிறது, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிகிறது. இரண்டு நம்பரும் இருக்கிறது.

ஆதாரத்தோடு இன்னொன்றும் தெரிந்தது. கோர்ட்டில் எப்.ஐ.ஆர். நகல் வாங்கினேன். அதில் பதிவு நம்பரும் நிறமும் மட்டும்தான் எழுதியிருக்கிறது. எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டும் இல்லை. ஆர்.சி. வண்டியோடு போனதால் அன்றைக்கு அப்பாவால் சொல்ல முடியவில்லை, பிறகு யாரும் கேட்கவும் இல்லை.

பழைய ரெஜிஸ்டர்:
அங்கேதான் உங்கள் வண்டி உண்மையில் தொலைந்தது. என்.சி.ஆர்.பி. என்று டெல்லியில் குற்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது, திருட்டு வண்டிப் பட்டியல் நாடு முழுவதுக்கும் அவர்களிடம்தான். ஒரு வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) கேட்டால் அந்தப் பட்டியலில் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்களும் நம்பரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், வாகன் சமன்வய் என்று பேர். ஆனால் திருடியவன் முதலில் கழற்றுவது நம்பர் பிளேட்டைத்தான். பிளேட் நம்பர் மட்டும் பட்டியலில் இருந்து சேஸ் நம்பர் இல்லை என்றால், அந்தச் சோதனையில் உங்கள் வண்டி எந்நாளும் சிக்காது. தமிழ்நாட்டில் திருடு போன கேரள வண்டி, திரும்பக் கேரளாவுக்குள்ளேயே வேறு ஆர்.சி. புக்கில் ஓடினால் என்.ஓ.சி. என்ற பேச்சே வராது. இங்கே கோபாலபுரம், நடுப்புணி, வேலந்தாவளம் என்று எத்தனை வழி இருக்கிறது, பத்து நிமிஷத்தில் இந்தப் பக்கம் வந்துவிடலாம்.

இரண்டு காரியம் செய்யுங்கள். பொள்ளாச்சி வழக்கில் இரண்டு நம்பரையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றச் சொல்லி மனு. அப்புறம் பாலக்காடு ஆபீசில் அந்தப் பதிவை வாகனில் ஏற்றித் திருட்டு என்று பிளாக்லிஸ்ட் செய்யச் சொல்லி இன்னொரு மனு. 2021இல் விண்டேஜ் விதி வந்ததிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்து போட்ட தனி நம்பர் கொடுக்கிறார்கள், 20,000 ரூபாய் கட்டணம், 10 வருஷம் செல்லும். உங்கள் சேஸ் யார் கையிலாவது இருந்தால் ஒருநாள் அந்த வழியில் உள்ளே வரப் பார்க்கலாம். அப்போது கணினியில் உங்கள் மனு இருந்தால்தான் நிற்கும்.

புக்கை நம்பினவன்:
மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். நான் குமுளிக்காரன். நல்ல விலை கொடுத்து ஒரு பழைய யெஸ்டி பைக் வாங்கினேன், புக் சரியாக இருந்தது, பேரும் மாறியது. பெயிண்டைச் சுரண்டியபோதுதான் கழுத்தில் நம்பர் இருக்கும் இடம் ராவியிருப்பது தெரிந்தது. பட்டறையில் கேட்டால், இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். உடைந்து மக்கிப்போன வண்டியின் புக்கை மட்டும் தனியாக விலைக்கு வாங்கி, அதன் நம்பரை வேறு ஃபிரேமில் பஞ்ச் செய்துவிடுகிறார்கள். நானே போய் ஸ்டேஷனில் சொன்னேன். வண்டி அங்கேயே நிற்கிறது, பணமும் போனது. அந்தத் திருச்சூர்க்காரரும் என்னைப் போல ஒருத்தராக இருக்கலாம். போலீசோடு போய் நாலு பேர் முன்னால் நிற்க வைக்காதீர்கள். பழைய வண்டியை வைத்து ஓட்டுகிற எங்களுக்கும் அதன்மேல் பாசம் உண்டு.

வேலந்தாவளம் பட்டறை:
ராவினால் போய்விடும் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். நம்பரை அடிக்கும்போது உலோகம் அடியிலேயும் நசுங்கியிருக்கும். மேலே ராவி மெழுகிவிட்டாலும் அந்த அழுத்தம் உள்ளே நிற்கும். பாரன்சிக் லேபில் ஆசிட் மருந்து தடவினால் நசுங்கிய இடமும் மற்ற இடமும் வேறு வேறு வேகத்தில் அரிக்கும், பழைய எண் மங்கலாக மேலே வரும். இரும்பு ஃபிரேமுக்கு ஒரு மருந்து, அலுமினிய கிராங்க்கேஸுக்கு வேறு. ரொம்ப ஆழமாகத் தோண்டியிருந்தால் மட்டும் கிடைக்காது. கோயம்புத்தூரிலும் திருச்சூரிலும் லேப் இருக்கிறது. யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், சாட்சியமே கெட்டுப்போகும்.

ரெண்டு ஸ்ட்ரோக்:
எல்லாம் சரி, ஆனால் 15 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, சட்டப்படி உரிமை முடிந்துபோயிருக்காதா? வாங்கியவர் நல்ல எண்ணத்தில் காசு கொடுத்திருக்கிறாரே.

சித்தூர் வக்கீல்:
இதைப் பலர் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தண்டனை வேறு, பொருள் வேறு. திருட்டுக்கு மூன்று வருஷம் வரை தண்டனை என்பதால் கோர்ட் அதைக் கையிலெடுக்க மூன்று வருஷ வரம்பு இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் காட்டி நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் திருடியவனை இத்தனை காலம் கழித்துத் தண்டிப்பது கடினம். பொருளைத் திரும்பக் கேட்கும் சிவில் உரிமை அப்படி இல்லை. 1963 காலவரம்புச் சட்டத்தில் 68ஆவது இனம், திருடு போன பொருளுக்கு மூன்று வருஷம் என்கிறது. அந்த மூன்று வருஷம் திருடு போன நாளிலிருந்து ஓடாது. பொருள் யார் கையில் இருக்கிறது என்று உரிமையாளருக்கு முதன்முதலில் தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும். ஆகவே உங்கள் கணக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது, வீணாக்கக் கூடாது.

நல்ல எண்ணத்தில் வாங்கியவரைப் பற்றி. 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, உரிமை இல்லாதவன் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை வராது. அவர் காசை விற்றவனிடம்தான் கேட்க வேண்டும். கேட்க வருத்தமாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான். குமுளி நண்பருக்கும் ஒன்று: வண்டி ஸ்டேஷனில் மழையில் நிற்க வேண்டியதில்லை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு மக்கவிடாமல் படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கி, உரியவரிடம் இடைக்காலமாகக் கொடுக்க வேண்டும் என்று. மனு போடுங்கள்.

இன்னொரு வழியும் மூடியிருக்கிறதா பாருங்கள். 2010 வாக்கில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நம்பர் இல்லாத வண்டி என்று பிடித்து, உரிமை கோர ஆறு மாத அறிவிப்புப் போட்டு, யாரும் வராமல் ஏலம் விட்டிருந்தால்? ஏலத்தில் எடுத்தவரின் நிலை வேறு. அந்தப் பட்டியலையும் தகவல் உரிமையில் கேளுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தகவல் வந்திருக்கிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன். ஏலப் பட்டியலில் எங்கள் வண்டி இல்லை. பொள்ளாச்சியில் புது எஸ்.ஐ. மனுவை வாங்கிப் படித்தார், இன்சூரன்ஸ் தாளைப் பார்த்தார், இரண்டு நம்பரையும் வழக்கில் சேர்த்து மேலே அனுப்பினார். அப்புறம் திருச்சூர்ப் பக்க ஸ்டேஷனுக்குச் சொல்லி, அந்த வண்டிக்காரரை ஆர்.சி.யோடு வரச் சொன்னார்கள். குமுளி அண்ணன் எழுதியதை நினைத்துக்கொண்டு, யூனிபார்ம் போட்டு அவர் வீட்டுக்கு யாரும் போக வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், அப்படியே செய்தார்கள்.

அவர் தங்கமான மனுஷர். ஒரு தொழிற்பள்ளியில் வேலை, 2016இல் ஒரு இடைத்தரகரிடம் வாங்கியிருக்கிறார், ரசீது வைத்திருக்கிறார். கழுத்தில் சேஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் எடுத்தார்கள். அது அவருடைய ஆர்.சி.யில் இருப்பதேதான், ராவியதும் இல்லை. எனக்கு மனசே விட்டுப்போனது. அப்புறம் எஞ்சினைத் துடைத்துப் பார்த்தார்கள். ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பர் வேறு, கிராங்க்கேஸில் இருப்பது வேறு. கிராங்க்கேஸில் இருப்பது அம்மா கொடுத்த பாலிசியில் உள்ள நம்பர், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

இப்போது அந்த அடையாளத்தைச் சொல்லலாம். பால் கேன் மாட்ட அப்பா பின் மட்கார்டில் இரண்டு ஓட்டை போட்டுக் கொக்கி வைத்திருந்தார். பின்னால் கொக்கியை எடுத்துவிட்டு ஓட்டையைப் பித்தளைப் பற்று வைத்து அடைத்தார். மேலே பெயிண்டில் தெரியாது. கீழே படுத்து டார்ச் அடித்தால், சேறு படிந்த இடத்தைச் சுரண்டினால், இரண்டு மஞ்சள் பொட்டு, நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த வண்டியில் இருக்கிறது. அவரே குனிந்து சுரண்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேலந்தாவளம் பட்டறை:
அப்படியானால் உங்கள் வண்டியை முழுசாகக் கழற்றியிருக்கிறார்கள். எஞ்சின், கவர், மட்கார்டு எல்லாம் ஒரே ஃபிரேமுக்குப் போயிருக்கிறது. இத்தனை சாமான் சேர்ந்தே போனதால், கழற்றியவனும் மாட்டியவனும் ஒரே இடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த இடைத்தரகரைப் பிடித்தால் ஃபிரேம் போன வழி தெரியும்.

புக்கை நம்பினவன்:
என் மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். அவர் ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்ட வண்டி. எஞ்சினை எடுத்தால் அவருக்கும் வண்டி இல்லை, ஃபிரேம் இல்லாமல் உங்களுக்கும் வண்டி இல்லை.

பழைய ரெஜிஸ்டர்:
ஆர்.டி. ஆபீசுக்கு சேஸ்தான் வண்டி. எஞ்சின் மாற்றுவதற்கு முறையாக அனுமதி வாங்கிப் புக்கில் ஏற்ற வழி உண்டு, சேஸ் இல்லாமல் கே.எல்.பி. பதிவை உயிரோடு கொண்டுவர வழியே இல்லை. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
யோசித்துவிட்டேன் அண்ணா, வீட்டிலும் பேசிவிட்டோம். எஞ்சினையும் மட்கார்டையும் கோர்ட் மூலமாகக் கேட்கிறோம், வக்கீல் சார்தான் மனு எழுதுகிறார். அது அப்பாவுடையது, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை. அந்தத் திருச்சூர் சாருக்கு வேறு ஒரு நல்ல எஞ்சின் தேடி, அதைப் புக்கில் ஏற்றும்வரை கூடவே நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவரை வண்டி அவர் வீட்டிலேயே இருக்கட்டும், யாரும் கழற்ற வேண்டாம் என்று ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இடைத்தரகர் வேறு ஊருக்குப் போய்விட்டார், அவரை விசாரிப்பதாக எஸ்.ஐ. சொல்லியிருக்கிறார்.

இனி ஃபிரேம். 1968 ஜாவா, பாலக்காட்டு கே.எல்.பி. பதிவு. முழு நம்பரை எழுதவில்லை. பாலக்காடு, திருச்சூர், கோயம்புத்தூர், உக்கடம் பழைய இரும்புக் கடைப் பக்கம் யாராவது புக் இல்லாத ஜாவா ஃபிரேம் விலைக்கு வருகிறது என்று சொன்னாலோ, கழுத்தில் ராவிய ஜாவா பட்டறைக்கு வந்தாலோ, விலை பேசாமல், படம் வெளியே போடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சைடு ஸ்டாண்ட் பிடிக்கும் இடத்தில் கேஸ் வெல்டிங் வைத்த ஒரு தடித்த பட்டை இருக்கும், அதற்குமேல் உள்ளதை நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன்.

வேலந்தாவளம் பட்டறை:
இங்கே வரும் வண்டி எல்லாவற்றையும் இனிமேல் கழுத்தைத் துடைத்துப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பேன் தம்பி. நடுப்புணியிலும் மீனாட்சிபுரத்திலும் நம்ம பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் சொல்லி வைக்கிறேன்.